அரைவேலை ரமேஷும் கப்பல் காரும்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வந்து ரமேஷ்குமார் வீடு எது என்று கேட்டால், எந்த ரமேஷ்குமார் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அரைவேலை ரமேஷ் என்று கேட்டுப் பாருங்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தோப்பு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவார்கள்.

பேர் சும்மா வந்துவிடவில்லை. தோப்புக்குள் நுழைந்ததும் வலதுகைப் பக்கம் கம்பிக் கூண்டுகள் வரிசையாக நிற்கும். ஒன்றுக்கும் கதவு கிடையாது. காடை வளர்க்கப்போகிறேன் என்று ஆரம்பித்தது அது. காடையும் வரவில்லை, கதவும் வரவில்லை. சொட்டுநீர்க் குழாய் பாதித் தென்னைக்குப் போகும், மீதித் தென்னை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். குளியலறைச் சுவருக்கு இடுப்பு உயரம் வரைக்கும் பூச்சு, அதற்கு மேலே வெறும் செங்கல்.

இதற்காக மனுஷனைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஒரு வேலையை ஆரம்பிக்கும்போது ரமேஷ்குமாரைப் பார்க்க வேண்டுமே! சோறு தண்ணி மறந்துபோகும். நடுவில் ஏதாவது ஒரு சாமான் குறையும். அதை வாங்கக் கடைக்குப் போவார். கடையில் யாராவது பிடித்து வைத்துக்கொண்டு வேறொரு புதுத் தொழிலைப் பற்றிப் பேசுவார்கள். அவ்வளவுதான். "மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அந்த நாளை அவர் வாழ்க்கையில் இதுவரை வந்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தன் டிராக்டரில் கயிறு கட்டி ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தார். வேலந்தாவளம் பக்கம் மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றை இடித்தபோது நெல் குடோனுக்குள் அகப்பட்டதாம். பிளிமத் என்று பேர், அமெரிக்காவில் பிறந்தது, வயது எழுபதைத் தாண்டும். நாலு டயரும் தரையோடு சப்பிக் கிடந்தன. பின்சீட்டில் ஆடு குட்டி போட்டிருந்த அடையாளம் தெரிந்தது. ஒரு கதவு கீலில் பாதி தொங்கியது. ஆனால் மூக்கு நுனியில் பாய் விரித்த சின்னக் கப்பல் ஒன்று, அத்தனை அழுக்கிலும் ஜம்மென்று நின்றது. ரமேஷ்குமார் மயங்கியது அந்தக் கப்பலைப் பார்த்துத்தான்.

அவர் மனைவி சிவசங்கரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டிராக்டர் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் அவள். புருஷனைவிட நன்றாக டிராக்டர் ஓட்டுவாள்; உழவுக்கு எடுக்கும் முன்னால் ஆயில், தண்ணீர் எல்லாம் பார்ப்பதும் அவள்தான்.

"ஏனுங்க, கூண்டுக்கே இன்னும் கதவு வெக்கல. இதுக்கு எப்பங்க வெப்பீங்க?" என்றாள்.

"பாரு புள்ள, பளபளன்னு ஆக்கிக் காட்டறேன்."

"பாத்தாச்சு, பாத்தாச்சு," என்று உள்ளே போய்விட்டாள்.

ரமேஷ்குமாருக்குக் கார் வேலையில் அரிச்சுவடி கூடத் தெரியாது. முதல் நாளே சக்கரத்தைக் கழற்றப் போனார். இடதுபக்கத்து நட்டுகள் அசையவில்லை. துரு என்று நினைத்து, வீட்டுச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விட்டு ஊறவைத்தார். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கேட்கிற எண்ணெய் நட்டுக்குக் கேட்காதா என்பது அவர் கணக்கு. பிறகு ஸ்பேனரில் நீளமாக ஒரு குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்றார். படீர் என்றது. நட்டு கழலவில்லை, போல்ட்டே முறிந்தது. விட்டாரா? அடுத்ததன்மேலும் ஏறினார். அதுவும் படீர்.

வெறுத்துப்போய், செல்போனில் தேடி ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தார். பாலக்காட்டிலிருந்து குமுளி வரைக்கும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடியிருக்கிற குழு அது. முறிந்த போல்ட்டைப் போட்டோ எடுத்துப் போட்ட மறுநிமிஷம் ஒரு பெண்குரல் வந்தது. சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற பின்சி. தோட்டத்து ஆட்களிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றவள்.

"ஐயோ ரமேஷேட்டா, நிறுத்துங்க, நிறுத்துங்க! அந்த வண்டிக்கு இடத்து சைடு சக்கரம் எல்லாம் மறிச்சுத் திரிக்கணும் கேட்டோ. போல்ட்டுத் தலையில எல்னு எழுத்து அடிச்சிருக்கும், தொடச்சுப் பாருங்க!"

துடைத்துப் பார்த்தார். எழுத்து இருந்தது. கழற்றுகிறேன் என்று இத்தனை நேரம் இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டார். குழுவில் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். ஆனால் சிரித்த கையோடு புது போல்ட் எந்தப் பட்டறையில் கடைந்து வாங்கலாம் என்றும் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலை முழுசாக முடிந்த பிறகுதான் போட்டோ போட வேண்டும். பாதி வேலைக்குப் போட்டோ போட்டால் யாரும் கட்டைவிரல் காட்ட மாட்டார்கள், "மீதி எங்கே?" என்று மட்டும் கேட்பார்கள். மலைமேல் சித்திரபுரத்தில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிற சுடலைமணி இதில் ரொம்பக் கறார். "அண்ணாச்சி, பிரேக்கை முடிக்காம இன்ஜினைத் தொட்டியன்னா குரூப்பை விட்டுத் தூக்கிருவேன், ஆமா!" என்று சொல்லிவிட்டான். ரமேஷ்குமாருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மீதியைக் கேட்க ஆள் கிடைத்தது. கட்டைவிரல் ருசி கண்டுவிட்டார். பிரேக் முடித்து ஒரு போட்டோ. தொங்கிய கதவை நிறுத்தி ஒரு போட்டோ. இன்ஜின் உறுமியபோது வீடியோவே போட்டார். இன்ஜின் தலைமேல் சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஏர் கிளீனரைக் கழுவி, கண்ணாடிபோல் கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டிப் போட்ட படத்துக்குக் குழுவே எழுந்து நின்று கைதட்டாத குறை.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தை மாதம் சித்திரபுரத்தில் குழு முதல்முறையாக ஒன்றுகூடுவது என்று முடிவானது. வண்டியோடு வர வேண்டும். ரமேஷ்குமார் துள்ளிக் குதித்துக்கொண்டு சிவசங்கரியிடம் சொன்னார்.

அவள் தேங்காய் துருவிக்கொண்டே, "போலாமுங்க. நானும் வாரேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. இந்த வண்டி சொந்தக் கால்ல மலையேறி, சொந்தக் கால்ல எறங்கி நம்ம ஊட்டு வாசலுக்கு வந்துட்டா, இனி நான் ஒரு பேச்சு பேச மாட்டேன். எங்கியாச்சும் கயித்தக் கட்டி இழுத்துட்டு வந்தீங்கன்னா, திங்கக்கெழம பழைய இரும்பெடுக்கிற நல்லதம்பி வந்து எடுத்துட்டுப் போவாரு. சொல்லி வெச்சுட்டேன். அப்பறம் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"செரி," என்றார் ரமேஷ்குமார். சொன்ன பிறகுதான் யோசித்தார். வண்டி போவது ஒரு பக்கம். இதுவும் பாதியில் நின்றால், ஊர் வைத்த பேர் சரிதான் என்று அவரே ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். இத்தனை நாள் அந்தப் பேரைச் சிரித்து ஒதுக்கிக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்குத்தான் அது சுருக்கென்றது.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் அவர் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவசங்கரி முன்பக்கம் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னவோ செய்தாள். சாமிப் பூ வைக்கிறாளாக்கும் என்று அவர் கண்டுகொள்ளவில்லை. நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கப்பல் கார் தோப்பை விட்டு வெளியே வந்தது.

பொள்ளாச்சி தாண்டி உடுமலை வரைக்கும் ராஜபாட்டைதான். டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சின்னாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும் வண்டி இளைத்தது. சூட்டில் பெட்ரோல் ஏறாமல் நின்றால் பம்பின்மேல் ஈரத்துண்டு போடச் சொல்லி சுடலைமணி சொல்லியிருந்தான். நின்றது, போட்டார், கிளம்பியது. மறையூருக்குள் இன்னொரு தரம். ரமேஷ்குமாரின் தோள்துண்டு முழுக்கக் கறுப்பாயிற்று. சிவசங்கரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆனால் ஒவ்வொரு தரம் நின்றபோதும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கியவள் அவள்தான். அதை அவர் கவனிக்கவில்லை.

பொழுது சாய சித்திரபுரம் சேர்ந்தார்கள். குரலாகவே தெரிந்த பின்சி எதிரே வந்து நின்றபோது ரமேஷ்குமாருக்கு வெட்கமாகிவிட்டது. அவளுடைய பழைய அமெரிக்க ஜீப், சுடலைமணியுடையது ஒன்று, இன்னும் ஏழெட்டு வண்டிகள். நடுவில் கப்பல் கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. சுடலைமணி கையைப் பிடித்துக்கொண்டு, "மொத நாளு குழாயில ஏறி நின்ன ஆளா அண்ணாச்சி இது?" என்றான். அன்றைக்கு அவன் வீட்டிலேயே தங்கினார்கள்.

விடிந்தபோது மலைக் குளிர் எலும்புக்குள் இறங்கியிருந்தது. சிவசங்கரி குளித்துவிட்டு, தலைக்கு வைக்க எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாள். சொட்டுக்கூட விழவில்லை. சுடலைமணியின் மனைவி மாரீஸ்வரி பார்த்துச் சிரித்தாள்.

"மதினி, இங்கன காலையில தேங்காயெண்ணெ கல்லாத்தான் கெடக்கும். வெந்நிக்குள்ள போடுங்க, எளகிரும்."

"எங்கூர்லயும் மார்கழில ஒறையும். இப்புடி இல்லீங்க," என்றபடி சிவசங்கரி பாட்டிலை வெந்நீர்ச் செம்புக்குள் இறக்கினாள்.

வெளியே சரிவு மேட்டில் ரமேஷ்குமார் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். இரண்டு இருமல் இருமி, பின்னால் கரியாகப் புகை விட்டு, அடங்கிவிட்டது. மறுபடி. மறுபடியும் அதே இருமல். சுற்றி ஆட்கள் கூடினார்கள். சோக்கை இழுத்துப் பார், விட்டுப் பார் என்று ஆளுக்கொன்று. சுடலைமணி ஒயரைப் பிடித்து நெருப்புப் பொறி பார்த்தான்.

"பெட்ரோல் வருது, கரண்டும் வருது. பொறவு என்னத்துக்கு இப்படி மொரண்டு பிடிக்கு?"

பின்சி ஒரு ப்ளக்கைக் கழற்றி நீட்டினாள். "பாருங்க சேட்டா, கறுத்து நனஞ்சு கெடக்கு. இதுக்குக் காத்துக் கிட்டலை. மூச்சு முட்டுது. ஏர் கிளீனர்ல வல்லதும் அடைப்பு உண்டோ?"

"அதுல ஒண்ணுமில்லீங்க," என்றார் ரமேஷ்குமார் கொஞ்சம் ரோஷமாகவே. "நானே கழுவி, பெயிண்ட் அடிச்சு மாட்டினது. போட்டோ போட்டனே, அத்தன பேரும் நல்லாருக்குன்னீங்களே."

உண்மைதான். எல்லாருக்கும் அந்தப் படம் ஞாபகம் இருந்தது. கட்டைவிரல் காட்டிய வேலையை யாராவது சந்தேகப்படுவார்களா? அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நோண்டினார்கள். கடைசியில் சரிவில் தள்ளிக் கிளப்பலாம் என்று பத்துப்பேர் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி குலுங்கி, இருமி, பாதிச் சரிவில் தேயிலை ஓரமாகப் போய் நின்றது. பேட்டரியும் செத்துப்போய், சாவியைத் திருகினால் முனகல் மட்டும் கேட்டது.

சுடலைமணி தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணாச்சி, கீழ மெக்கானிக் ஷெட்டு வரைக்கும் என் ஜீப்புல கட்டி இழுத்துருவோமா?"

கயிறு. ரமேஷ்குமார் அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிறு கட்டி வந்த வண்டி, கயிறு கட்டித்தான் போகும்போல. இத்தனை சிநேகிதர்களுக்கு நடுவில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "கட்டுங்க தம்பி," என்றார்.

சுடலைமணி கயிற்றோடு குனிந்தான்.

"கயித்த எடுங்க!"

மேட்டிலிருந்து சிவசங்கரி ஓடிவந்தாள். ஈரத்தலை அவிழ்ந்து கிடந்தது, கையில் எண்ணெய்ப் பாட்டில். வெந்நீரில் பாதி இளகி, பாதி வெள்ளையாகவே இருந்தது அது.

"கயிறு கட்டாதீங்க தம்பி. மொதல்ல அந்தக் கறுப்புச் சட்டியத் தொறங்க," என்று மூச்சு வாங்கினாள். பிறகு புருஷனைப் பார்க்காமல், பின்சியைப் பார்த்துச் சொன்னாள்: "அதுக்குள்ள நான் எண்ணெ ஊத்தியிருக்கறேன். தேங்காயெண்ணெ."

பின்சி திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். இட்லித் தட்டில் மாவு ஊற்றி வைத்தது மாதிரி சட்டி நிறைய வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. காற்று நுழைகிற கம்பிவலையிலும் அப்பியிருந்தது. மூக்கடியில் கொண்டுபோன பின்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எண்டே சேச்சி! ரெண்டு நேந்திரங்காய் அரிஞ்சு போட்டா சிப்ஸ் ஆயிருமே!"

கூட்டமே சிரித்தது. ரமேஷ்குமார் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. டிராக்டரில் இருப்பதைப் போலவே அந்தச் சட்டியிலும் தூசியைப் பிடிக்க எண்ணெய் ஊற்ற வேண்டும். கழுவினார், பெயிண்ட் அடித்தார், படம் பிடித்தார், கட்டைவிரல் வாங்கினார். எண்ணெய் ஊற்றவே இல்லை. படத்தில் மூடி மட்டும்தானே தெரியும்!

மாரீஸ்வரி பானை நிறைய வெந்நீர் கொண்டுவந்தாள். வலையையும் சட்டியையும் அலசித் துடைத்தார்கள். சுடலைமணி தன் ஜீப்பிலிருந்து இன்ஜின் ஆயிலை எடுத்து அளவாக ஊற்றினான். ப்ளக்குகளைத் துடைத்து மாட்டினார்கள். மீதிச் சரிவு கொஞ்சம்தான் இருந்தது. ரமேஷ்குமார் ஏறி உட்கார்ந்து இரண்டாவது கியரைப் போட்டார். பின்னால் தள்ளுகிறவர்களோடு சிவசங்கரியும் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். வண்டி உருண்டது. கிளட்சை விட்டார். ஒரு குலுக்கல், ஒரு இருமல், அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறது மாதிரி சீராக ஓட ஆரம்பித்தது.

அப்பாடா! அவர் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. இன்ஜினை நிறுத்தவே பயந்து, பேட்டரி தேறுகிற வரைக்கும் உறுமவிட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் இறக்கத்தில் மறையூர் தாண்டினார்கள். வெல்லம் காய்ச்சுகிற வாசனை வந்தது. ரமேஷ்குமார்தான் ஆரம்பித்தார்.

"சட்டி காஞ்சு கெடந்தத எப்பப் புள்ள பாத்த?"

"கெளம்பற அன்னிக்கு விடியால. டிராக்டர் எடுக்கறதுக்கு முன்னால பாக்கற பழக்கம், கை தன்னால அங்க போச்சு. ஊட்டுல ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் இல்ல. இருந்தத ஊத்தினேன். அங்க இப்புடிக் கல்லாகும்னு யாரு கண்டா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ?"

சிவசங்கரி திரும்பி அவரைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நீங்க அன்னிக்குக் கெளம்பியிருப்பீங்களா? ஆயில் வாங்கோணும்னு கடைக்குப் போயிருப்பீங்க. அங்க எவங்கூடவாச்சும் பேசிட்டு, நாளைக்குப் போலாம் புள்ளன்னு வந்திருப்பீங்க. உங்க நாளைக்கு என்னிக்குங்க வந்திருக்குது?"

அவர் ஹாரனை ஒரு தரம் அடித்து வளைவைத் திருப்பினார்.

"நாந்தானுங்க நல்லதம்பியக் கூப்பிட்டேன்," என்றாள் அவள், குரல் தணிந்து. "ஆனா வண்டி நிக்கோணும்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. அரைவேலை பொண்டாட்டின்னு ஊர்ல என்னையுந்தான் கூப்பிடறாங்க."

ரமேஷ்குமாருக்குப் பாதை மங்கலாகத் தெரிந்தது. ஓரமாக நிறுத்தலாம் என்று நினைத்தார். நிறுத்தவில்லை. கியரை மாற்றிக்கொண்டு அப்படியே ஓட்டினார். இரண்டாவது தரமாக, அவருக்குள் என்னவோ அப்பாடா என்று உட்கார்ந்தது.

இருட்டும் முன்னால் கப்பல் கார் சொந்தக் காலில் தோப்பு வாசலைத் தொட்டது.

திங்கட்கிழமை காலையில் நல்லதம்பி மினி லாரியோடு வந்து இறங்கினார். பளபளவென்று நின்ற காரைப் பார்த்து, "இதுங்களா? இதப் போயி எப்புடிங்க ஒடைக்கறது?" என்று இழுத்தார்.

"அது இல்லீங்க," என்று சிவசங்கரி வலதுபக்கம் கையைக் காட்டினாள். "அந்தக் கூண்டுங்க. கதவில்லாம நிக்குதே, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

ரமேஷ்குமார் பதறிக்கொண்டு வந்தார். "ஏம்புள்ள, அது அடுத்த வருசம் காடைக்கு..."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தாள் அல்லவா, சொன்ன சொல்லுக்கு நின்றாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

ரமேஷ்குமார் வாயை மூடிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், முதல் கூண்டின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினார். கடைசிக் கூண்டு லாரியில் ஏறுகிற வரைக்கும் கையை விடவில்லை.